டிஃப்ராக் செய்தால் சரியாகிவிடுமா? சுங்கை சிப்புட் கேள்வி பதில்

தோட்ட அலுவலகத்தில் கிராணியாக (எழுத்தராக) இருந்த காலத்தில் கணினியோடு பழகியவன் நான். பணி ஓய்வுக்குப் பிறகு மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள சுங்கை சிப்புட்டில் பழைய கணினிகளைப் பழுது பார்த்து வருகிறேன். ஆலய மண்டபத்தில் நடந்த கணினி வகுப்பின் முடிவில் பலரும் சீட்டில் எழுதிக் கொடுத்த கேள்விகளுக்கு அன்று நேரம் போதவில்லை. அவற்றுக்கான பதில்களை இங்கே எழுதியிருக்கிறேன்.

மளிகைக் கடைக்காரர்: கடைக் கணக்கு வைத்திருக்கும் கணினிக்குப் பத்து வயதாகிறது. டிஃப்ராக் செய்தால் வேகம் கூடும் என்கிறார்கள். உண்மையில் அது என்ன செய்கிறது, ஐயா?

கோப்புகளைச் சேமித்து வைக்கும் வன்தட்டுக்குள் (ஹார்ட் டிஸ்க்) காந்தப் பூச்சுள்ள தகடுகள் நிமிடத்துக்கு 5400 அல்லது 7200 முறை சுழல்கின்றன. அவற்றைத் தொடாமல் மிக நெருக்கத்தில் நகரும் ஒரு முனைதான் எழுதவும் படிக்கவும் செய்கிறது. ஒரு கோப்பைச் சேமிக்கும்போது அடுத்தடுத்த இடம் கிடைக்காவிட்டால், விண்டோஸ் அதைக் கிடைத்த இடங்களில் துண்டு துண்டாகப் பிரித்து வைத்துவிடும். தொழிலாளர் வருகையும் சம்பளமும் பதியும் தோட்டத்துச் செக்ரோல் புத்தகத்தின் தாள்களைப் பிரித்து நாலைந்து அலமாரிகளில் வைத்துவிட்டு, சம்பள நாளன்று ஒவ்வொரு தாளையும் தேடி எழுந்து போகும் கிராணியின் நிலைதான் அந்த முனைக்கும். ஒரு துண்டிலிருந்து அடுத்த துண்டுக்குப் போய்ச் சேர ஏறத்தாழ 10 மில்லிவினாடி ஆகும் என்று கொண்டால், நூறு துண்டுகளாகக் கிடக்கும் ஒரு கோப்புக்குத் தேடலிலேயே ஒரு வினாடி போய்விடும். சிதறிய அந்தத் தாள்களை மீண்டும் வரிசையாக அடுக்கி வைப்பதே டிஃப்ராக்.

விண்டோஸ் 7 இதைப் புதன்கிழமை விடியற்காலை ஒரு மணிக்குத் தானாகச் செய்யும்படி அமைக்கப்பட்டிருந்தது. விண்டோஸ் 8 முதல் இது தானியங்கிப் பராமரிப்பின் ஒரு பகுதியாகிவிட்டது. ஆனால் கடையில் காலை முதல் இரவு வரை கணினிக்கு ஓய்வில்லை, கடையைச் சாத்தியதும் சுவரில் உள்ள சுவிட்சையே அணைத்துவிடுகிறீர்கள் என்றால், பராமரிப்புக்கு நேரமே அமையாமல் போகலாம். ஸ்டார்ட் பொத்தானை அழுத்தி டிஃப்ராக் (defrag) என்று ஆங்கிலத்தில் தட்டச்சு செய்யுங்கள். திறக்கும் சன்னலில் கடைசியாக வேலை நடந்த தேதி இருக்கும். சிதறல் பத்து விழுக்காட்டைத் தாண்டியிருந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஓடவிடுங்கள். இத்தனையும் சொன்ன பிறகு ஒன்றை மறைக்க விரும்பவில்லை: பத்து வயது வன்தட்டை அடுக்கிப் பெறும் வேகம் சொற்பமே. அதற்குப் பதிலாக, சுழலும் தகடு இல்லாமல் சில்லுகளில் சேமிக்கும் எஸ்.எஸ்.டி. வட்டைப் பொருத்தினால்தான் வேறுபாடு கண்ணுக்குத் தெரியும்.

கல்லூரி மாணவி: என் மடிக்கணினியில் எஸ்.எஸ்.டி. இருக்கிறது. அதை டிஃப்ராக் செய்தால் கெட்டுவிடும் என்பது உண்மையா?

ஒரே நாளில் கெட்டுவிடாது, அம்மா. ஆனால் பயனும் இல்லை. எஸ்.எஸ்.டி.யில் சுழலும் தகடோ நகரும் முனையோ கிடையாது. துண்டுகள் எங்கே கிடந்தாலும் தேடிப் போகும் நேரம் ஏறக்குறைய ஒன்றுதான். அதன் நினைவணுக்களை இத்தனை முறைதான் எழுதி அழிக்கலாம் என்ற வரம்பு உண்டு என்பதால், வீணாக இடம் மாற்றி எழுதுவது ஆயுளைத் தின்னும். அதற்காக விண்டோஸின் ‘ஆப்டிமைஸ்’ வேலையை நிறுத்திவிடாதீர்கள். வட்டின் வகையை விண்டோஸே அறிந்து, எஸ்.எஸ்.டி.யாக இருந்தால் ‘டிரிம்’ என்ற கட்டளையை அனுப்புகிறது. இனி எந்தப் பகுதிகள் தேவையில்லை என்பதை வட்டுக்குச் சொல்லும் வேலை அது. அதே சன்னலில் ‘மீடியா டைப்’ என்ற பத்தியைப் பார்த்தால் உங்கள் வட்டு எந்த வகை என்பது தெரியும். தவிர்க்க வேண்டியவை பழைய, தனியே நிறுவும் டிஃப்ராக் மென்பொருள்களே.

ஓய்வு பெற்ற ஆசிரியர்: முன்பெல்லாம் டிஃப்ராக் ஓடும்போது திரையில் வண்ணக் கட்டங்கள் நகருமே, அவை எங்கே போயின?

விண்டோஸ் விஸ்டா வந்ததோடு போய்விட்டன, சார். விண்டோஸ் 98 காலத்தில் என் பிள்ளைகள் தொலைக்காட்சியை விட்டுவிட்டு அந்தக் கட்டங்களைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். எனக்கும் அதில் வருத்தம்தான்.

ஆலயச் செயலாளர்: தீமிதித் திருவிழாப் படங்கள் தவறுதலாக அழிந்துவிட்டன, குப்பைத்தொட்டியையும் காலி செய்துவிட்டோம். டிஃப்ராக் செய்தால் திரும்பக் கிடைக்குமா?

தயவுசெய்து செய்யாதீர்கள், ஐயா. இந்தச் சீட்டைப் படித்ததும் அன்றே உங்களைத் தொலைபேசியில் அழைத்துக் கணினியை அணைக்கச் சொன்னதற்குக் காரணம் இதுதான். வன்தட்டில் ஒரு கோப்பை அழித்தால் உடனே அழிவது பட்டியலில் உள்ள அதன் குறிப்பு மட்டுமே; படத்தின் தரவு அதே இடத்தில் கிடக்கும், ஆனால் அந்த இடம் காலி என்று குறிக்கப்பட்டுவிடும். டிஃப்ராக் மற்ற கோப்புகளை நகர்த்தி வைக்கத் தேடுவது அத்தகைய காலி இடங்களைத்தான். மேலே ஒரு கோப்பு ஏறிவிட்டால் படம் போனது போனதுதான். மீட்பு மென்பொருளைக்கூட அதே வட்டில் நிறுவக் கூடாது. வட்டைக் கழற்றி, வேறொரு கணினியில் இணைத்து, மீட்ட படங்களை மூன்றாவது இடத்தில் சேமிக்க வேண்டும். இது எஸ்.எஸ்.டி.யாக இருந்திருந்தால் டிரிம் காரணமாக நம்பிக்கை மிகக் குறைவு. உங்களுடையது பழைய வன்தட்டு என்பது இந்த ஒரு முறை நல்லதாகப் போயிற்று.

தோட்டக் கிராணி: அலுவலகக் கணினியிலிருந்து டிக் டிக் என்று சத்தம் வருகிறது, இடையிடையே உறைந்து நிற்கிறது. செக் டிஸ்க் ஓடவிடச் சொல்கிறார்கள்.

முதலில் சம்பளக் கோப்புகளை வெளியே நகலெடுங்கள், தம்பி, மற்றவை பிறகு. செக் டிஸ்க் என்பது வட்டில் பிழை தேடும் விண்டோஸ் கருவி. அதை ‘ஆர்’ (/r) என்ற குறியோடு ஓடவிட்டால், வட்டின் பரப்பு முழுவதையும் ஒன்றுவிடாமல் படித்துப் பார்க்கும். 1 டெராபைட் வட்டுக்குப் பல மணி நேரம் ஆகும்; சாகக் கிடக்கும் வட்டை அந்த ஓட்டமே முடித்துவிடலாம். டிஃப்ராக்கும் அப்படியே. நகலெடுத்த பிறகு ‘கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ’ என்ற இலவச மென்பொருளில் மூன்று எண்களைப் பாருங்கள்: மாற்றி ஒதுக்கப்பட்ட பகுதிகள், ஐயத்துக்குரியவையாகக் காத்திருக்கும் பகுதிகள், திருத்த முடியாத பகுதிகள். அவை சுழியமாக இருந்தால் சத்தத்துக்கு விசிறியோ கம்பியோ காரணமாக இருக்கலாம். வாரந்தோறும் எண் ஏறினால் அந்த வட்டை மாற்றிவிடுங்கள், பழுது பார்க்க முயல வேண்டாம்.

தமிழ்ப்பள்ளி ஆசிரியை: மாலை இடி மின்னலில் மின்சாரம் போய் வருகிறது. வட்டுக்குக் கெடுதல் உண்டா?

உண்டு, அம்மா. விண்டோஸ் பயன்படுத்தும் என்.டி.எஃப்.எஸ். என்ற அமைப்பு, வட்டின் பட்டியல் குலையாதபடி ஒரு குறிப்பேடு வைத்திருக்கிறது. ஆனால் நீங்கள் பாதி சேமித்துக்கொண்டிருந்த மதிப்பெண் கோப்பை அது காப்பாற்றாது. மின்சாரம் போனாலும் மின்கலத்தில் கணினியைச் சற்று நேரம் தாங்கும் சிறிய யு.பி.எஸ். ஒன்று இருந்தால் முறையாக அணைக்கச் சில நிமிடங்கள் கிடைக்கும். வானம் இருட்டியதும் மின்கம்பியோடு இணையக் கம்பியையும் பிடுங்கிவிடுங்கள். மின்னல் அந்த வழியாகவும் வரும்.

மளிகைக் கடைக்காரர் (இரண்டாவது சீட்டு): நகல் வைத்திருக்கும் வெளி வட்டையும் டிஃப்ராக் செய்ய வேண்டுமா?

தேவையில்லை. ஒரு முறை எழுதிவிட்டு எப்போதாவது எடுக்கும் கோப்புகள் பெரிதாகச் சிதறுவதில்லை. ஆறு மாதத்துக்கு ஒரு முறை இணைத்து, மேலே சொன்ன மூன்று எண்களையும் பார்த்துவிட்டு, ஓரிரு கோப்புகளைத் திறந்து பாருங்கள். அது சுழன்றுகொண்டிருக்கும்போது கல்லாப்பெட்டியின் மேல் நிமிர்த்தி வைக்காதீர்கள். வாடிக்கையாளரின் முழங்கை பட்டு விழுந்த இரண்டு வட்டுகள் என் மேசையில் இருக்கின்றன.