வகுப்பறையைப் பெருக்குகிறவரைப் பற்றி ஒரு மாணவி கேட்ட கேள்வி

கேள்வி: கத்தோலிக்க உயர்நிலைப் பள்ளி ஒன்றில் மறைக்கல்வி கற்பிக்கும் ஆசிரியை நான். சமூகப் பணிக் குழுவும் என் பொறுப்பில் இருக்கிறது. ஆண்டுதோறும் பழைய ஆடைகளைத் திரட்டுகிறோம். முதியோர் இல்லத்துக்குச் சென்று வருகிறோம். அங்கு எடுத்த படங்களைப் பலகையில் ஒட்டுகிறோம். திரு அவையின், அதாவது கத்தோலிக்கச் சபையின், சமூகப் போதனையைப் பள்ளி முழுவதும் வாழ்ந்து காட்டும்படியான திட்டம் ஒன்றைத் தயாரிக்குமாறு தலைமையாசிரியர் இவ்வாண்டு கேட்டிருக்கிறார். இதற்கிடையில், தொழிலாளர் உரிமை பற்றிய பாடத்தின்போது ஒரு மாணவி, “நம் வகுப்பறையைப் பெருக்குகிற அக்காவுக்கு உடம்பு சரியில்லையென்றால் சம்பளத்தோடு விடுப்பு கிடைக்குமா?” என்று கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை. அது நிர்வாகத்தின் விஷயம், பிள்ளைகளை அரசியலுக்குள் இழுக்காதீர்கள் என்று சக ஆசிரியர்கள் சொல்கிறார்கள். மாணவர்களில் பாதிப்பேர் கத்தோலிக்கர் அல்லர் என்பதாலும் தயங்குகிறேன். எங்கிருந்து தொடங்குவது?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

அந்த மாணவியின் கேள்வியிலிருந்தே தொடங்குங்கள். 1971ஆம் ஆண்டு உரோமையில் கூடிய ஆயர் மாமன்றம் (கத்தோலிக்க ஆயர்களின் உலக அளவிலான கூட்டம்) ‘உலகில் நீதி’ என்னும் ஆவணத்தை வெளியிட்டது. மக்களிடம் நீதியைப் பற்றிப் பேசத் துணிகிற எவரும் முதலில் அவர்கள் கண்முன் நீதியாக நடப்பவராக இருக்க வேண்டும் என்று அதில் ஆயர்கள் எழுதினார்கள். அதைத் தொடர்ந்து, திரு அவைக்காக உழைப்பவர்களுக்கு வாழ்க்கைக்குப் போதுமான ஊதியமும் சமூகப் பாதுகாப்பும் கிடைக்க வேண்டும் என்றும் சேர்த்தார்கள். உங்கள் மாணவி அந்த ஆவணத்தைப் படித்திருக்க மாட்டாள். ஆனாலும் அது சொல்லும் இடத்துக்குத் தானாகவே வந்து நிற்கிறாள். பாடம் அவளுக்குப் புரிந்துவிட்டது என்பதற்கு இதைவிட நல்ல அடையாளம் எந்தத் தேர்விலும் உங்களுக்குக் கிடைக்காது.

இதைக் கேட்டு, இதுவரை செய்த பணிகள் வீண் என்று எண்ணிவிடாதீர்கள். தனிமையில் இருக்கும் முதியவர் ஒருவருடன் ஒரு மாலைப்பொழுதைச் செலவிட்ட பிள்ளை எதையோ கற்றுக்கொண்டுதான் திரும்பியிருக்கும். ஆனால் இரக்கச் செயல் ஒருபோதும் நீதிக்கு மாற்றாகாது. ஒருவருக்கு நீதிப்படி சேர வேண்டியதைக் கொடுக்காமல், என்னுடையதை அவருக்குக் கொடையாகத் தர என்னால் முடியாது என்று திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட் 2009ஆம் ஆண்டின் சுற்றுமடலில் (திருத்தந்தை எழுதும் பொதுப் போதனைக் கடிதத்தில்) விளக்கினார். வெளியில் இருக்கும் ஏழைகளுக்கு ஆடை திரட்டும் பள்ளி, தன் சுற்றுச்சுவருக்குள் உழைப்பவரின் நோய்க்கால விடுப்பைப் பற்றி யோசித்ததே இல்லையென்றால், அந்த ஆடைத் திரட்டலின் பொருளே மங்கிவிடுகிறது.

‘அரசியல்’ என்னும் ஆட்சேபத்தைப் பற்றி நீளமாக எழுத வேண்டியதில்லை. 1891ஆம் ஆண்டு மே 15ஆம் நாள் திருத்தந்தை பதின்மூன்றாம் லியோ வெளியிட்ட ‘ரேரும் நோவாரும்’ என்னும் சுற்றுமடலே திரு அவையின் தற்காலச் சமூகப் போதனைக்குத் தொடக்கமாகக் கொள்ளப்படுகிறது. கூலி, வேலை நேரம், ஓய்வு, தொழிலாளர் சங்கம் அமைக்கும் உரிமை ஆகியவற்றைப் பற்றி அது நேரடியாகவே பேசியது. வேறு வழியின்றித் தொழிலாளி குறைந்த கூலிக்குச் சம்மதித்தாலும், அந்தச் சம்மதத்தால் அநீதி நீதியாகிவிடாது என்று அது அப்போதே சொல்லிவிட்டது. உங்கள் சக ஆசிரியர்களிடம் இதைச் சண்டைக்கு நிற்கும் குரலில் சொல்லாமல், சேர்ந்து படிக்க அழைக்கும் குரலில் சொல்லுங்கள்.

இனித் திட்டத்துக்கு வருவோம். பெல்ஜியம் நாட்டுக் குருவான ஜோசப் கார்டைன், இளம் தொழிலாளர்களோடு பணியாற்றியபோது ‘பார்த்தல், சீர்தூக்குதல், செயல்படுதல்’ என்னும் முறையை வளர்த்தெடுத்தார். 1961ஆம் ஆண்டு திருத்தந்தை இருபத்து மூன்றாம் யோவான் தம் சுற்றுமடலில் அதை எடுத்துச் சொல்லி, இளைஞர்கள் இதைக் கற்பதோடு நிற்காமல் பழகிக்கொள்ளவும் வேண்டும் என்று வலியுறுத்தினார். பள்ளிகளில் நாம் பெரும்பாலும் முதல் படியைத் தாண்டிக் குதித்து நேராகச் செயலுக்குப் போய்விடுகிறோம் என்பது என் அனுபவம். ஒரு பருவம் முழுவதையும் பார்ப்பதற்கு மட்டுமே ஒதுக்குங்கள் என்று துணிந்து சொல்வேன். இடைவேளையில் தனியாக உட்காருவது யார், வகுப்பு முடிந்த பிறகு தரையில் கிடக்கும் குப்பையை யார் எப்போது அள்ளுகிறார், ஒழுங்கு நடவடிக்கை எந்தப் பிள்ளைகள்மீது அடிக்கடி பாய்கிறது, பள்ளியின் நிகழ்ச்சிகளில் எதற்கெல்லாம் கூடுதலாகப் பணம் கட்ட வேண்டியிருக்கிறது என்று பிள்ளைகளே கவனித்து எழுதட்டும்.

என் தவறு ஒன்றையும் இங்கே சொல்ல வேண்டும். நான் வகுப்பாசிரியராக இருந்த பள்ளியொன்றில், ஆண்டுச் சுற்றுலாவன்று மூன்று நான்கு பிள்ளைகளுக்கு ஒவ்வோர் ஆண்டும் காய்ச்சல் வந்துவிடும். அது பணமின்மையின் காய்ச்சல் என்பது எனக்குப் புரியப் பல ஆண்டுகள் ஆயின. வேதாகமத்திலிருந்து ஏழைகளைப் பற்றி எத்தனையோ வசனங்களை நான் அந்தப் பிள்ளைகளுக்கே விளக்கியிருக்கிறேன். ஏழைகளுக்கு முன்னுரிமை என்று திரு அவை சொல்வதை ஒரு பள்ளி கடைப்பிடித்தால், எல்லாராலும் வர முடிகிற இடத்துக்கே சுற்றுலா போகும். அல்லது யாரும் கைநீட்டிக் கேட்க நேராத வகையில் செலவைப் பகிர்ந்துகொள்ளும்.

பார்க்கும்போது ஓர் எச்சரிக்கை தேவை. துப்புரவுப் பணியாளரைப் பிள்ளைகள் சூழ்ந்துகொண்டு கேள்வி கேட்டுக் குறிப்பெடுக்கும் ‘ஆய்வுப்பொருள்’ ஆக்கிவிடக் கூடாது. அவர் பேச விரும்பினால், அவருக்கு வசதியான நேரத்தில், ஓரிருவர் மட்டும் பேசலாம். அவர் சொன்னது அவர் வேலைக்கே இடராக முடியாதபடி காப்பது உங்கள் பொறுப்பு. முதியோர் இல்லப் படங்களுக்கும் இதே அளவுகோல்தான். ஒருவருடைய இயலாமையை நம் நற்செயலுக்குச் சான்றாகச் சுவரில் ஒட்டுவது மனித மாண்புக்கு ஒவ்வாது என்றே நான் கருதுகிறேன்.

அடுத்து, யார் முடிவு செய்வது என்னும் கேள்வி. இதைத்தான் நம் பள்ளிகள் மிகவும் குறைவாகச் சிந்திக்கின்றன. 1931ஆம் ஆண்டு திருத்தந்தை பதினொன்றாம் பயஸ் துணைநிலைக் கோட்பாட்டை வகுத்துரைத்தார்: சிறிய அமைப்பு தானே செய்யக்கூடியதைப் பெரிய அமைப்பு பறித்துக்கொள்வது அநீதி, பெரியது சிறியதற்குத் துணை நிற்க வேண்டும். பள்ளிக்கு இதைப் பொருத்தினால், மாணவர் மன்றம் விழா மேடையை அலங்கரிக்கும் குழுவாக மட்டும் இருக்க முடியாது. வகுப்பறை ஒழுங்கையும் துப்புரவு முறையையும் சமூகப் பணிக்குச் சேரும் நிதியின் பயன்பாட்டையும் பிள்ளைகளே கலந்துபேசி முடிவு செய்யட்டும். அவர்கள் சில தவறுகள் செய்வார்கள். நீங்கள் பக்கத்தில் இருந்து, கேட்டால் மட்டும் சொல்லுங்கள். தினமும் அலுவலகத்தின் ஆணைக்குக் காத்து நிற்கப் பழகிய பிள்ளையிடம், நாளை பொதுநலனுக்குப் பொறுப்பேற்கும் குடிமகனாக நடந்துகொள் என்று எப்படிச் சொல்ல முடியும்?

பிற சமயப் பிள்ளைகளைப் பற்றித் தயங்க வேண்டாம். 1963ஆம் ஆண்டின் ‘பாச்சேம் இன் தேர்ரிஸ்’ (‘உலகில் அமைதி’) சுற்றுமடல் நன்மனம் கொண்ட எல்லா மனிதருக்குமே எழுதப்பட்டது. வழிபாட்டில் கட்டாயம் கூடாது; நீதியைப் பற்றிய உரையாடலில் அவர்களும் சமமாக அமரட்டும், தங்கள் மரபிலிருந்து பேசவும் செய்யட்டும்.

தலைமையாசிரியரிடம் எப்படிச் சொல்வது என்பதே உங்களுக்கு மிகக் கடினமாக இருக்கும். பல பள்ளிகளை நடத்தும் கத்தோலிக்கத் துறவற சபையான இயேசு சபையின் தலைவராக இருந்த பெத்ரோ அருப்பே, 1973ஆம் ஆண்டு ஸ்பெயின் நாட்டின் வலென்சியா நகரில் அச்சபைப் பள்ளிகளின் முன்னாள் மாணவர்கள் முன் நின்று, நாங்கள் உங்களுக்கு நீதிக்கான கல்வியைத் தந்தோமா என்று கேட்டு, இல்லை என்று தாமே பதிலும் சொன்னார். கேட்டிருந்தவர்களில் பலருக்கு அது கசந்தது. ஆனால் அந்த ஒப்புதலுக்குப் பிறகுதான் இயேசு சபைப் பள்ளிகளில் ‘பிறருக்கான மனிதர்’ என்னும் இலக்கு வேரூன்றியது. எனவே தலைமையாசிரியரைத் தனியாகச் சந்தித்து, குற்றம் சாட்டும் தொனி இல்லாமல், துப்புரவுப் பணியாளர்களை நியமிப்பது பள்ளியா ஒப்பந்ததாரரா, அவர்களின் ஊதியமும் விடுப்பும் என்ன என்று கேளுங்கள். குறை இருந்தால், அதை எந்த மாதத்துக்குள் சரிசெய்யலாம் என்பதையும் திட்டத்தில் எழுத அனுமதி கேளுங்கள். பணத்தட்டுப்பாடு உண்மையாகவே இருக்கலாம். அப்படியானால் ஆடம்பரமான விழாவொன்றைச் சுருக்க முடியுமா என்று சேர்ந்து பார்க்கலாம்.

இவற்றுக்கெல்லாம் முன்பாக அந்த மாணவிக்கு நீங்கள் பதில் சொல்லியாக வேண்டும். “எனக்குத் தெரியவில்லை, நீ கேட்டது சரி, விசாரித்துக்கொண்டிருக்கிறேன்” என்று அடுத்த வகுப்பிலேயே எல்லார் முன்னிலையிலும் சொல்லுங்கள். விசாரித்துத் தெரிந்துகொண்டதும், விடை பள்ளிக்குப் பெருமை சேர்க்காததாக இருந்தாலும், அதையும் அதே வகுப்பில் சொல்லுங்கள்.