இறக்கைக்குத் தொட்டில்

அன்புள்ள சார்,

உதகைக்குப் பக்கத்தில் லவ்டேலிலிருந்து எழுதுகிறேன். பிளானைப் பார்த்து ஒரு ட்ரெய்னர் மாடல் விமானம் கட்டுகிறேன். இறக்கை 1.4 மீட்டர், பால்சா என்கிற லேசான மரம். ரிப் (குறுக்கே வரும் விலா), ஸ்பார் (நீளவாக்கில் ஓடும் முதுகெலும்பு) எல்லாம் ஒட்டியாயிற்று. முன்விளிம்பான லீடிங் எட்ஜை உருட்டுவதிலும் பின்விளிம்பான ட்ரெய்லிங் எட்ஜை மெலிதாக்குவதிலும்தான் மாட்டிக்கொண்டேன். சாப்பாட்டு மேஜையில் துண்டு விரித்து, ஒரு முனையை நான் பிடித்துக்கொண்டு, மறுமுனையை மகளைப் பிடிக்கச் சொல்லி உப்புத்தாள் போடுகிறேன். இறக்கை ஆடுகிறது, விளிம்பு அலை அலையாக வருகிறது. பென்ச் வைஸ் வாங்கட்டுமா, ஜி-கிளாம்ப் போதுமா, எத்தனை அங்குலம்? கொஞ்சம் முறுக்கிக்கொண்டாலும், மேலே போர்த்துகிற, சூட்டில் சுருங்கும் பிளாஸ்டிக் ஃபிலிம் ஒட்டும்போது சூடு காட்டி நிமிர்த்திவிடலாம் என்கிறார்களே, சரியா? இந்த உயரத்துக்கு எந்த மோட்டார்? எங்கே பறக்கவிடலாம்?

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள நண்பருக்கு,

மோட்டாரைப் பற்றி இறக்கை முடிந்த பிறகு கேளுங்கள். பறக்கவிடும் இடமா? மலையில் புல்வெளியாகக் கண்ணில் படுவதெல்லாம் காலி இடம் இல்லை, பல இடங்கள் வனத்துறையின் கையில் இருக்கும். விசாரிக்காமல் போகாதீர்கள். அவ்வளவுதான்.

வைஸுக்கு வருகிறேன். சில நாட்களாக இதே விஷயம்தான் மண்டையில் ஓடிக்கொண்டிருக்கிறது. ஆடுகிற பொருளைக் கண்டால் நம் எல்லோருக்கும் உடனே தோன்றுவது, இறுக்கிப் பிடி என்பதுதான். இரும்புக்கு அது சரி, தேக்குக்கும் சரி. ஃபிலிம் போர்த்தாத பால்சா இறக்கைக்கு அதைப்போலக் கெடுதல் வேறில்லை.

ஏன் என்று சொல்கிறேன். ரிப்பும் ஸ்பாரும் மட்டும் இருக்கிற இறக்கை மேலும் கீழும் வளையாமல் ஓரளவு தாங்கும். முறுக்கினால் தாங்காது. நுனியை இரண்டு விரலால் பிடித்துத் திருகிப் பாருங்கள், திரும்பும். முறுக்கைத் தடுக்கும் விறைப்பு, மேலே தோல் வந்தபிறகுதான் வரும். இந்த நிலையில் வைஸில் வைத்தால் தாடை தனக்கு வசதியான கோணத்தில் இறக்கையைத் திருகி நிறுத்தும். நீங்களும் நேராக இருக்கிறது என்று நம்பி ஒரு மணி நேரம் தேய்ப்பீர்கள். விளிம்பு நூல் பிடித்தாற்போல் வரும். தாடையைத் திறந்ததும் இறக்கை தன் பழைய நிலைக்குத் திரும்பும், நீங்கள் தேய்த்த நேர்க்கோடும் கூடவே முறுக்கிக்கொண்டு போகும். கிளாம்ப் இறுகியிருக்கும்வரை காட்டுவது பொய். எட்டு அங்குல கிளாம்ப் சொன்னாலும் பொய்தான், நாலு அங்குலம் சொன்னாலும் பொய்தான். அதனால் அளவைக் கேட்காதீர்கள். போதாக்குறைக்கு, மாடலுக்கு வரும் பால்சா கன மீட்டருக்குப் பெரும்பாலும் 100 முதல் 200 கிலோதான் இருக்கும். நகம் பட்டாலே பள்ளம் விழுகிற மரத்தில் இரும்புத் தாடை என்ன செய்யும்?

இறக்கைக்கு வேண்டியது பிடி இல்லை, தாங்கல். அது தன் எடையிலேயே உட்கார ஒரு தொட்டில் செய்யுங்கள்.

இரண்டு பாதியையும் இணைக்கும் முன்பே விளிம்பு வேலையை முடித்துவிடுங்கள். இணைத்தபின் டைஹெட்ரல் கோணம் (இரு பாதியும் நுனிப் பக்கம் மேலே தூக்கியிருப்பது) வந்துவிடும், எந்தப் பலகையிலும் ஒழுங்காக உட்காராது. ஒரு பாதிக்கு 70 சென்டிமீட்டர், அதற்கு இரண்டு தொட்டில். டிவி பெட்டியில் வரும் அடர்த்தியான தெர்மாகோல் போதும், 4 சென்டிமீட்டர் தடிமன், 15 சென்டிமீட்டர் உயரம். பிளானில் உள்ள ரிப் படத்தைப் பின்பக்கம் கீழே வருமாறு நிறுத்தி வரைந்து, கோட்டுக்கு வெளியே இரு பக்கமும் 3 மில்லிமீட்டர் விட்டு வெட்டுங்கள். அந்த இடைவெளியில் 3 மில்லிமீட்டர் ஃபோம் ஷீட் ஒட்டுங்கள். இறக்கை பின்பக்கம் ஒடுங்குவதால் ஆப்புபோல இறங்கித் தானாகவே நிற்கும், லீடிங் எட்ஜ் வானத்தைப் பார்க்கும். பள்ளத்தின் அடியில் மட்டும் ஒரு சென்டிமீட்டர் வெற்றிடம் விடுங்கள். ட்ரெய்லிங் எட்ஜ் தரையைத் தொட்டால் மொத்த எடையும் அந்த மெல்லிய விளிம்பில் விழுந்து நசுங்கும். தொட்டில்கள் ரிப்புக்கு நேர் கீழே இருக்கவேண்டும், இரண்டு ரிப்புக்கு நடுவில் வைத்தால் மரம் உள்ளே அமுங்கும். முனையிலிருந்து 15 சென்டிமீட்டர் உள்ளே ஒன்று, மறுமுனையிலிருந்து அதே அளவு உள்ளே இன்னொன்று. இரண்டையும் 19 மில்லிமீட்டர் பிளைவுட் பலகையில் ஒட்டிவிட்டால் நகராது.

ட்ரெய்லிங் எட்ஜுக்குப் படுக்கை வேறு. இறக்கையைப் பலகையில் படுக்க வைத்து, விளிம்புக்கு நேர் கீழே 3 மில்லிமீட்டர் பிளைவுட் பட்டை கொடுத்து, ஸ்பார் மேல் பாரம் ஏற்றுங்கள். அரைக் கிலோ துணிப்பை இரண்டு போதும். உள்ளே கடுகு போடுங்கள். மணல் கசிந்தால் பால்சா முழுக்கக் கீறல். நுனியில் வாஷ்அவுட், அதாவது வேண்டுமென்றே கொடுத்த சிறு முறுக்கு, இருக்கிறதா என்று பிளானில் பாருங்கள். பின் விளிம்பு நுனிப் பக்கம் 3 மில்லிமீட்டர் தூக்கி இருக்கச் சொல்லியிருந்தால், பட்டைக்குமேல் ஒன்றுமில்லாமல் தொடங்கி நுனியில் 3 மில்லிமீட்டராக ஏறும் ஆப்பு ஒன்று வேண்டும். பலரும் இங்கேதான் கோட்டை விடுகிறார்கள். பாரத்தை வைத்து வாஷ்அவுட்டை அமுக்கிப் படுக்கவைத்துத் தேய்ப்பார்கள். பாரத்தை எடுத்ததும் நுனி எழும்பும், நுனிப் பக்கம் விளிம்பு ஒரு தடிமன், வேர்ப் பக்கம் ஒரு தடிமன்.

அலை அலையாக வருவதற்கு ஆட்டம் மட்டும் காரணமில்லை. கையில் மடித்த உப்புத்தாள் இரண்டு ரிப்புக்கு நடுவே, மரம் வளைந்து கொடுக்கும் இடத்தில், ஒரு விதமாகவும் ரிப்புக்கு மேலே வேறு விதமாகவும் தேய்க்கும். தாள்கட்டை குறைந்தது மூன்று ரிப் நீளம் இருக்கட்டும், 25 முதல் 30 சென்டிமீட்டர். அலுமினிய ஜன்னல் செய்யும் கடையில் துண்டுச் சேனல் கிடைக்கும், அதில் இரட்டைப் பக்க டேப் போட்டுத் தாளை ஒட்டுங்கள். 120-இல் தொடங்கி 220, கடைசியில் 400. தாள் தேய்ந்தால் உடனே மாற்றிவிடுங்கள், பழைய தாளில் காசு மிச்சம் பிடித்து அழுத்தித் தேய்ப்பவர்கள் கடைசியில் பால்சாவைத்தான் வீணாக்குகிறார்கள். லீடிங் எட்ஜை எடுத்த எடுப்பில் உருட்டாதீர்கள். நடுக்கோடு வரைந்து, சிறிய இழைப்புளியால் இரு பக்கமும் 45 டிகிரி சரிவு, பிறகு அந்த மூலைகளை உடைத்து இன்னும் இரண்டு சரிவு, அதன்பிறகே உருட்டல். ரிப் மேல் மாஸ்கிங் டேப் இரண்டடுக்கு இருக்கட்டும். டேப் கிழியத் தொடங்கினால் கட்டை நிற்கவேண்டிய இடம் வந்துவிட்டது என்று அர்த்தம். தேய்க்கப்போகும் இணைப்புகளில் சூப்பர் குளூ வேண்டாம். அது கல்லாகிவிடும், சுற்றியுள்ள மரம் தேய்ந்து பசை மட்டும் வரப்புபோல நிற்கும்.

இவ்வளவு பிடிவாதம் எதற்கு என்று கேட்பீர்கள். நீங்கள் இருக்கும் உயரம்தான் காரணம். உதகை 2,240 மீட்டர். அங்கே காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தில் இருப்பதில் ஏறத்தாழ 80 சதவீதம். அதே விமானம், அதே எடை, ஆனால் ஸ்டால் ஆகும் வேகம், அதாவது எதற்குக் கீழே போனால் இறக்கை தாங்காதோ அந்த வேகம், 12 சதவீதம் போல் கூடுகிறது. சென்னையில் மணிக்கு 30 கிலோமீட்டரில் தாங்குகிற இறக்கைக்கு உங்கள் ஊரில் முப்பத்து மூன்றரை வேண்டும். இறங்கும்போது கையில் இருக்கும் மிச்சம் குறைவு. அந்த நேரத்தில் இடது இறக்கையின் மூக்கு (லீடிங் எட்ஜ்தான்) உருண்டையாகவும் வலது மூக்கு கூராகவும் இருந்தால், கூரானது முதலில் காற்றை விடும், விமானம் அந்தப் பக்கமே சாயும். பழைய பிளாஸ்டிக் ஃபைல் அட்டையில் மூக்கின் எதிர்வடிவத்தை வெட்டி, இரண்டு பாதியிலும் மூன்று மூன்று இடங்களில் வைத்துப் பாருங்கள்.

சூடு காட்டி நிமிர்த்திவிடலாமாம்! யார் சொன்னார்கள் உங்களுக்கு? நிமிரும், இல்லை என்று சொல்லவில்லை. வெயிலில் ஃபிலிம் தளர்ந்த அன்று பழைய முறுக்கு திரும்பி வரும். ஃபிலிமின் இழுப்பு சின்னத் தவறைச் சரிக்கட்டத்தான். தெரிந்தே விட்ட தவறுக்கு அதை மருந்தாக்காதீர்கள். முறுக்கைப் பற்றி இன்னொன்றும். ஐப்பசி, கார்த்திகை மூடுபனியில் பால்சா ஈரம் குடிக்கும், குறுக்குவாக்கில் ஊதும், நீளவாக்கில் அசையாது. அதைக் காயவைக்கக் கணப்பின் அருகே சாய்த்து வைத்தால் நெருப்பைப் பார்த்த பக்கம் மட்டும் சுருங்கி இறக்கை வளையும். வேலை இல்லாதபோது தொட்டிலோடு அலமாரியில் வையுங்கள்.

மகளைப் பற்றி எழுதியிருந்த வரியை இரண்டு முறை படித்தேன். அவள் பக்கத்தில் நிற்பது நல்லதுதான். ஆனால் குழந்தையின் கையை கிளாம்ப் ஆக்குகிறீர்களே! அவளுக்குக் கை வலிக்கும், சொல்லமாட்டாள், இறக்கை திரும்பும், நீங்கள் அவளை அதட்டுவீர்கள். குளிருக்கு ஜன்னலைச் சாத்திய அறையில் அந்த மெல்லிய தூள் முழுக்க அவள் மூச்சில் போகும். சாப்பாட்டு மேஜை வேறு! வேலையைத் திண்ணைக்கு மாற்றுங்கள், இருவருக்கும் முகக்கவசம் போடுங்கள். அவளிடம் ஒரு 4பி பென்சில் கொடுத்து விளிம்பு முழுக்க லேசாகக் கிறுக்கச் சொல்லுங்கள். நாலைந்து இழுப்புக்குப் பிறகு கிறுக்கல் எங்கே மிச்சம் இருக்கிறதோ அங்கே பள்ளம். பள்ளத்தைத் தொடாதீர்கள், அதற்கு இரு பக்கமும் உள்ள மேட்டைத் தேயுங்கள். கிறுக்கல் தீர்ந்ததும் அவள் மறுபடி கிறுக்கட்டும்.