சேர்ந்த தேதி ஏன் நகர்கிறது?

கேள்வி: பி.ஜி. விடுதிகளுக்கு வாடகைக் கணக்கு ஆப் எழுதுகிறோம், ஜாவாஸ்கிரிப்டில். ஒருவர் சேர்ந்த தேதியோடு மாதத்தைக் கூட்டி அடுத்த வாடகை நாளைக் கண்டுபிடித்தால், சேர்ந்த தேதியும் கூடவே மாறிவிடுகிறது. மாறாமலிருக்க கான்ஸ்ட் (const) போட்டிருக்கிறோம், பலனில்லை.
– வாசகர், மடிவாளா, பெங்களூரு

பதில்: கான்ஸ்ட் பெயரைத்தான் பூட்டும். அந்தப் பெயர் சுட்டும் டேட் ஆப்ஜெக்டுக்குள் தேதியைக் குறிக்கும் மில்லிசெகண்ட் எண்ணை செட்மன்த் (மாதம் மாற்ற), செட்டேட் (நாள் மாற்ற) எல்லாம் நேரே திருத்திவிடும். ஆப்ஜெக்டை உறைய வைக்கும் ஆப்ஜெக்ட்.ஃப்ரீஸ் போட்டாலும் இதே கதைதான். 'வாடகைநாள் = சேர்ந்தநாள்' என்று எழுதினால் கிடைப்பது நகல் அல்ல, ஒரே தேதிக்கு இரண்டு பெயர். வாடகைதாரர் விவரத்தை மூன்று புள்ளி (ஸ்பிரெட்) போட்டு நகலெடுத்தாலும் உள்ளிருக்கும் தேதி ஆப்ஜெக்ட் பழையதேதான்.

நியூ டேட்(சேர்ந்தநாள்) என்று தனி நகல் எடுத்து, திருத்தங்களை அதில் மட்டும் செய்யுங்கள். ஃபங்ஷன் அந்த நகலையே ரிட்டர்ன் செய்யட்டும். செட்மன்த் தருவதை ரிட்டர்ன் செய்தால் தேதிக்குப் பதில் நீளமான எண் வரும். ஜேசான் (JSON) என்ற எழுத்து வடிவம் வழியாக நகலெடுத்தால் தேதி வெறும் ஸ்டிரிங் ஆகிவிடும்.

வாடகைக்கு இதைவிடப் பெரிய வில்லங்கம் மாதக் கடைசி. ஜனவரி 31-இல் சேர்ந்தவருக்கு ஒரு மாதம் கூட்டினால் மார்ச் 3 வரும் (லீப் ஆண்டில் மார்ச் 2). பிப்ரவரி வாடகை அம்போ! எனவே நகலில் நாளை முதலில் 1 ஆக்கிவிட்டு மாதத்தைக் கூட்டுங்கள். புது மாதத்தின் கடைசி நாளை நியூ டேட்(ஆண்டு, மாதம் + 1, 0) தரும். மாத எண் ஜனவரிக்கு 0 என்பது நினைவிருக்கட்டும். அந்தக் கடைசி நாள், சேர்ந்த நாள் இரண்டில் எது சிறியதோ அதைப் போடுங்கள். ஒவ்வொரு மாதமும் சேர்ந்த தேதியிலிருந்தே கணக்கிட வேண்டும். போன மாத வாடகை நாளிலிருந்து கூட்டினால், பிப்ரவரியில் 28 ஆனது மார்ச்சிலும் 28-தான், 31-க்குத் திரும்பவே திரும்பாது. அசல் தேதியைக் கெடுக்கக் கூடாது என்பது இதற்காகத்தான்.

பழைய கோடில் மொமென்ட் என்ற தேதி லைப்ரரி இருந்தால் உஷார்: அதன் ஆட் (add), அசலையே மாற்றும், முதலில் குளோன் (நகல்) எடுங்கள். டே.ஜேஎஸ், லக்ஸான் என்ற லைப்ரரிகள் இரண்டும் புதுத் தேதியையே தருகின்றன.

கேள்வி: ஜாவாவில் எனக்கு நேர்மாறு. லோக்கல்டேட் என்ற தேதி வகையில் பிளஸ்டேஸ்(30) போட்டு 30 நாள் கூட்டியும் தேதி அசையவில்லையே?
– வாசகி, ஒயிட்ஃபீல்டு

பதில்: அசையாது. ஜாவா 8-இல் வந்த லோக்கல்டேட்டை யாராலும் மாற்ற முடியாது. கூட்டிய தேதி ரிட்டர்னாக வருகிறது, நீங்கள் அதை வாங்கி வைக்கவில்லை. ஒரு வேரியபிளில் பிடித்துக்கொள்ளுங்கள். பிளஸ்மன்த்ஸ் போட்டு ஒரு மாதம் கூட்டினால் ஜனவரி 31, பிப்ரவரி கடைசி நாளில் தானே நின்றுவிடும்.