வீட்டை அடகு வைக்காதீர்கள் அண்ணா, தம்பி பாண்ட் நடத்தட்டும்

போன சனிக்கிழமை ரொறன்ரோ ஸ்காபரோவில் இருந்து ஒரு குடும்பம் என்னிடம் வந்திருந்தது. அப்பா, அம்மா, பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கும் மகன். மகன் பள்ளிக்கூட ஜாஸ் குழுவில் ஆல்ட்டோ சாக்ஸபோன் வாசிக்கிறான். பொறியியல் வேண்டாம் என்று ஒரு வருசமாக வீட்டில் இழுபறி. கடைசியில் அப்பா இறங்கி வந்துவிட்டார். பெரியப்பாவும் மாமாவும்தான் விடவில்லை. "மியூசிக் எண்டால் பாஸ்டனில இருக்கிற அந்தப் பெரிய கொலிஜுக்கு அனுப்புங்கோ. நாலு பேருக்குச் சொல்ல ஒரு பேராவது வேணும்." அதற்காக வீட்டின் மேல் இன்னொரு கடன் எடுக்க வங்கியில் கதைத்துவிட்டுத்தான் அப்பா வந்திருந்தார். அம்மா கைக்குட்டையைக் கையிலேயே வைத்திருந்தார்.

முதல் பத்து நிமிசம் நானும் ஆறுதல்தான் சொன்னேன். அப்புறம் தம்பியின் பையில் இருந்து ஒரு கறுப்புக் கொப்பி வெளியே வந்தது.

அம்மம்மாவின் எண்பதாவது பிறந்தநாளுக்குத் தம்பி நடத்திய கச்சேரியின் கணக்கு அதில் இருந்தது. ஒன்பது பிள்ளைகள் வாசித்திருக்கிறார்கள். எந்தப் பாட்டுக்கு எத்தனை பேர் எழும்பி ஆடினார்கள், எந்தப் பாட்டில் போய் உட்கார்ந்தார்கள் என்று பக்கத்தில் பென்சிலால் எண்கள். சாப்பாட்டு நேரத்தில் ட்ரம்பெட்டுக்கு மியூட் போட வேண்டும், சத்தம் கூடினால் அம்மம்மாவின் காதுக்கருவி இரையும் என்று ஒரு குறிப்பு. யார் காரில் யார் வருவது, ட்ரம்ஸ் ஏற்றி வந்தவனுக்குப் பெற்றோல் காசு எவ்வளவு என்பதும் இருந்தது.

"நீ தனிய எத்தனை சோலோ வாசிச்சனி?" என்று கேட்டேன்.

"ஒண்டு. அதுவும் சின்னன். நீட்டினால் ஆக்கள் ஆடுறதை நிப்பாட்டிப் போடுவினம்."

அண்ணா, அந்தக் கொப்பியை எழுதியவன் ஒரு பாண்ட் லீடர், இசைக்குழுவை நடத்துபவன். நீங்கள் கடன் வாங்கிச் சேர்க்கப் பார்க்கும் படிப்பு சோலோ வாசிப்பவர்களைக் கூர்தீட்டும் படிப்பு. அது நல்ல படிப்புத்தான், உங்கள் பிள்ளையின் நாட்டம் வேறு.

1930களில் ஆட்டத்துக்கு வாசித்த ஜாஸ், அதாவது ஸ்விங், கொடிகட்டிப் பறந்தது. அந்தக் காலம் என்றால் பெனி குட்மன், கவுண்ட் பேசி போன்ற பாண்ட் லீடர்கள் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். அதே காலத்தில் 'ஸ்வீட் பாண்ட்' என்று அழைக்கப்பட்ட குழுக்களும் இருந்தன. மெட்டு மறையாமல், தாளம் ஆடுபவரின் காலுக்கு இசைவாக, சத்தம் அளவாக வாசிப்பார்கள். விமர்சகர்கள் அவர்களை மதிக்கவில்லை. பெரிய ஹோட்டல்களின் இரவு விருந்து மண்டபங்கள் அவர்களைத்தான் தேடின. லூயி ஆம்ஸ்ட்ரோங் போன்ற ஜாஸ் மேதையே கை லொம்பார்டோவின் குழு தனக்குப் பிடிக்கும் என்று வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார்.

அந்த லொம்பார்டோ நம்முடைய ஒன்ராறியோ ஆள். 1902இல் ஒன்ராறியோவின் லண்டன் நகரத்தில், இத்தாலியில் இருந்து வந்து குடியேறிய ஒரு தையற்காரரின் மகனாகப் பிறந்தவர். பாட்டில் ஆசைப்பட்ட தகப்பன், தான் பாடும்போது கூட வாசிக்கட்டும் என்று பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு வாத்தியம் பழக்கினார். கை லொம்பார்டோவுக்கு வயலின், தம்பிமார் கார்மனுக்குச் சாக்ஸபோன், லெபர்ட்டுக்கு ட்ரம்பெட். 1923இல் குழுவோடு எல்லை தாண்டிக் கிளீவ்லாண்டுக்குப் போனார்கள், 1927இல் சிக்காகோ. அங்கே கிரனாடா கஃபேயில் வாசித்ததை வானொலி நேரடியாக ஒலிபரப்பியதும் கூட்டம் சேர்ந்தது. 1929 ஒக்டோபரில் நியூயோர்க் ரூஸ்வெல்ட் ஹோட்டலில் வேலை தொடங்கினார்கள். அந்த மாதம்தான் பங்குச்சந்தை விழுந்தது. ஊரே வேலை இழந்த வருடங்களில் இந்தக் குழு அந்த ஹோட்டலிலேயே நிலைத்தது, முப்பது வருடம் அதுதான் அவர்களின் முகவரி. 1929 டிசம்பர் 31ஆம் திகதி புத்தாண்டு இரவில் தொடங்கிய வானொலி ஒலிபரப்பு பிறகு தொலைக்காட்சிக்கும் போய், 1977இல் அவர் இறக்கும்வரை வருடாவருடம் நடந்தது.

லொம்பார்டோ பெரிய வயலின் வித்துவான் இல்லை. அவருடைய வேலை வேறு. எந்தப் பாட்டுக்குப் பின் எந்தப் பாட்டு வந்தால் ஆடுபவர் கலையமாட்டார் என்று பார்ப்பது, சாப்பாட்டு நேரத்தில் கதைப்பவர்களுக்கு இடைஞ்சல் இல்லாமல் வாசிக்க வைப்பது, வாரம் தவறாமல் சம்பளம் கொடுப்பது, தம்பிமாரையும் சேர்த்து ஒரு பெரிய கூட்டத்தைச் சண்டையில்லாமல் வைத்திருப்பது. இதில் பாதி ஏற்கனவே உங்கள் மகனின் கொப்பியில் இருக்கிறது.

பெரியப்பாவிடம் சாமி கே பற்றிச் சொல்லுங்கள். ஒஹாயோ பல்கலைக்கழகத்தில் கட்டடப் பொறியியல் பட்டம் எடுத்தவர். படிக்கும்போதே பாண்ட் வைத்து, கடைசிவரை பாண்ட் லீடராகவே இருந்தார். மண்டபத்தில் இருப்பவர்களை மேடைக்குக் கூப்பிட்டு, கையில் கோலைக் கொடுத்துத் தன் குழுவை நடத்தச் சொல்லும் நிகழ்ச்சி அவருடையது. சனங்களைச் சந்தோசப்படுத்தத் தெரிந்தவருக்குத்தான் அந்த யோசனை வரும்.

பெயரும் புகழும் வந்தால் காசு தானாக வரும் என்று தம்பி நினைக்கக்கூடாது. அந்தக் காலத்தில் பெரிய ஹோட்டல் ஒப்பந்தங்களில் சிலசமயம் லீடர்கள் நட்டப்பட்டார்கள். ஹோட்டலில் இருந்து போகும் வானொலியால் பெயர் பரவும், அந்தப் பெயரை வைத்து ஊர் ஊராக ஒரு இரவுக் கச்சேரிகளில் சம்பாதிப்பார்கள். வாசிக்காத நாளிலும் பஸ், உடுப்பு, இசையமைத்து எழுதுபவர் என்று செலவு நிற்காது. அமெரிக்காவில் 1942 ஓகஸ்டில் இசைக்கலைஞர் சங்கம் ஒலிப்பதிவை நிறுத்தியது, 1944இல் ஆட்டமும் பாட்டும் உள்ள இடங்களுக்குக் கடும் வரி வந்தது, 1946 முடிவில் பேர்பெற்ற குழுக்கள் பல அடுத்தடுத்துக் கலைந்தன. ஆள்கணக்கைக் கட்டுக்குள் வைத்திருந்தவர்களுக்கு மூச்சுவிட இடம் இருந்தது. ஆகவே ஒன்பது பேர் போதும், பதினாறு பேர் வேண்டாம் என்று தம்பிக்கு இப்போதே சொல்லிவிட்டேன்.

சரி, படிப்பு? லொம்பார்டோ பிறந்த அதே லண்டன் நகரத்தில் ஃபன்ஷோ கல்லூரி இருக்கிறது. அங்கே இசைத்தொழில் பற்றிய இரண்டு வருட டிப்ளோமா உண்டு. ஒலிப்பதிவும் இசையின் வியாபாரப் பக்கமும் படிப்பிக்கிறார்கள். ஒன்ராறியோ மாணவர் கட்டணம்தான், ஒன்ராறியோ அரசின் மாணவர் உதவித் திட்டமான ஓசாப்புக்கும் விண்ணப்பிக்கலாம். நம் ஆட்கள் அதைக் கல்யாண வீட்டில் சொல்லிக் காட்டமாட்டார்கள் என்பது எனக்குத் தெரியும். அதற்காக நான் அதைச் சொல்லாமல் விடமாட்டேன். சாக்ஸபோனுக்குத் தனி ஆசிரியரை வைத்துக்கொள்ளலாம். கணக்குப் பதியும் ஒரு மாலைநேர வகுப்பும் கட்டாயம். இதில் தம்பியோடு நான் விட்டுக்கொடுக்கவில்லை. ரொறன்ரோவில் இசைக்கலைஞர் சங்கம் இருக்கிறது, அதன் குறைந்தபட்சக் கட்டண அட்டவணையைப் பார்த்துவிட்டுத்தான் இனி எந்த மண்டபக்காரரோடும் விலை பேச வேண்டும். ஸ்காபரோவிலும் மார்க்கம் நகரத்திலும் நம் கல்யாணங்கள், பிறந்தநாள்கள், முதியோர் இல்லங்களின் பின்னேர ஆட்டங்கள் என்று வேலை தேடத் தொடங்கலாம்.

வீட்டுக்கடனுக்கு என் பதில் ஒன்றுதான்: வேண்டாம். உங்களுக்கு ஐம்பத்திநாலு வயது, அம்மா இரவு வேலைக்குப் போகிறா. தம்பிக்கு உதவ நினைத்தால் லோரன்ஸ் வெல்க்கின் தகப்பன் செய்ததைச் செய்யுங்கள். வடக்கு டக்கோட்டாவில் ஜெர்மன் மட்டும் பேசிய விவசாயக் குடும்பம் அது. மகன் அக்கோர்டியன் கேட்டான், விலை 400 டொலர். தகப்பன் வாங்கிக் கொடுத்தார், ஒரு உடன்பாட்டோடு: 21 வயதுவரை பண்ணையில் வேலை செய்ய வேண்டும், வெளியே வாசித்து வரும் காசும் வீட்டுக்கே. மகன் சொன்னபடி நின்று, 21 முடிந்த அன்று வீட்டைவிட்டுப் புறப்பட்டான். பின்னாளில் அமெரிக்கத் தொலைக்காட்சியில் பல வருடம் ஓடியது அவனுடைய பாண்ட்.

நீங்களும் ஒரு தொகை சொல்லுங்கள். ஒலிபெருக்கிக்கும் இரண்டு மைக்குக்கும் போதுமானது, திரும்பி வராவிட்டாலும் வீடு ஆட்டம் காணாதது. எத்தனை கச்சேரியில் அடைப்பான் என்று எழுதி இருவரும் கையெழுத்து வையுங்கள்.

அடுத்த சனிக்கிழமை பதினொரு மணிக்கு வாருங்கள். வங்கிக் கடிதம் தேவையில்லை. கொப்பியைத் தம்பி கொண்டுவரட்டும். அம்மம்மாவையும் கூட்டி வாருங்கள், எந்தப் பாட்டுக்கு எழும்பினா என்று அவவிடமே கேட்க வேண்டும்.