கரண்ட் வைக்கும் மெஷினை நிறுத்திவிட்டார்கள்: பயப்பட வேண்டுமா?

கேள்வி: அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய். ஆபரேஷன் முடிந்து 15 நாள் கரண்ட் (கதிர்வீச்சு சிகிச்சை) வைக்கச் சொன்னார்கள். எட்டாம் நாள் போனபோது, "மெஷின் ரிப்பேர், நாளை மறுநாள் வாங்க" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அரசாங்க இன்ஸ்பெக்‌ஷன் வரப்போகிறது என்றும் அங்கே பேசிக்கொண்டார்கள். அப்படியென்றால் முதல் ஏழு நாளும் சரியான அளவில்தான் வைத்தார்களா? யாரிடம் கேட்பது?

பதில்: ரிப்பேர் வேறு, இன்ஸ்பெக்‌ஷன் வேறு. இன்ஸ்பெக்‌ஷனுக்கு ஆள் வருவதாலேயே மெஷினில் கோளாறு என்று ஆகிவிடாது. அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் உரிமம் இல்லாமல் இந்தியாவில் எந்த ஆஸ்பத்திரியும் கதிர்வீச்சு சிகிச்சைக் கருவியை இயக்க முடியாது. 1983-இல் தொடங்கிய இந்த வாரியத்துக்கு மும்பையில் தலைமையகம், சென்னையில் தென்மண்டல மையம். அதன் அதிகாரிகள் சொல்லிவிட்டும் வருவார்கள், சொல்லாமலும் வருவார்கள். பீம் (மெஷினிலிருந்து வரும் கதிர்) ஓடும்போது அறைச் சுவருக்கு வெளியே கதிர்வீச்சு கசிகிறதா, கதவைத் திறந்தால் பீம் தானாக நிற்கிறதா, அவசர நிறுத்தப் பொத்தான் வேலை செய்கிறதா, ஊழியர்கள் மேல் எவ்வளவு கதிர்வீச்சு பட்டது என்று காட்டும் டிஎல்டி பேட்ஜ் கணக்கு ஒழுங்காக இருக்கிறதா என்றெல்லாம் பார்ப்பார்கள். தினசரிச் சோதனைப் பதிவேட்டையும் புரட்டுவார்கள்.

உங்கள் அம்மாவைப் பொறுத்தவரை அந்தப் பதிவேடுதான் எல்லாவற்றையும்விட முக்கியம் என்பேன். முதல் நோயாளி உள்ளே வருவதற்கு முன்பே, அவர் படுக்கும் அதே மேசையில் ஓர் அளவுகருவியை வைத்து, குறிப்பிட்ட அளவு கதிரைச் செலுத்திப் பார்ப்பார்கள். வரவேண்டிய அளவுக்கும் வந்த அளவுக்கும் வித்தியாசம் பொதுவாக 3 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. சுவரிலிருந்து வரும் லேசர் கோடுகள் சரியான புள்ளியில் சேர்கின்றனவா என்பதையும் பார்ப்பார்கள். அதில் 2 மில்லிமீட்டர் விலகினாலே சரிசெய்தாக வேண்டும். மாதம் ஒருமுறை இதைவிட விரிவான சோதனை உண்டு. எனவே அந்த ஏழு நாளும் காலைச் சோதனை நடந்து அளவு சரியாக இருந்திருந்தால், எட்டாம் நாள் மெஷின் நின்றதை வைத்து முந்தைய சிகிச்சையைச் சந்தேகிக்க வேண்டியதில்லை. கூலிங் தண்ணீரின் அழுத்தம் குறைந்தாலும், கதிரின் வடிவத்தை அமைக்கும் தகடுகளின் குட்டி மோட்டார் ஒன்று மக்கர் செய்தாலும் லினாக் எனப்படும் இந்தக் கதிர்வீச்சு மெஷின் தானாகவே நின்றுவிடும். நிற்க வேண்டிய நேரத்தில்தான் அது நிற்கிறது.

உண்மையில் கவனம் வேண்டியது ரிப்பேருக்குப் பிந்தைய முதல் நாளில். 1990 டிசம்பரில் ஸ்பெயினின் சரகோசா நகரில், பழுதான ஆக்சிலரேட்டரை (லினாக் போன்ற மெஷின்) சரிசெய்த கையோடு நோயாளிகளுக்குச் சிகிச்சையைத் தொடங்கிவிட்டார்கள். கதிரின் அளவைச் சரிபார்க்கும் மருத்துவ இயற்பியலாளர் (மெடிக்கல் பிசிசிஸ்ட்) அளந்து பார்க்கவே இல்லை. எந்த ஆற்றலைத் தேர்ந்தெடுத்தாலும் பேனலில் ஆற்றலைக் காட்டும் முள் 36-லேயே (MeV என்ற அலகில்) நின்றது. முள்தான் சிக்கிக்கொண்டது என்று நினைத்து வேலையைத் தொடர்ந்தார்கள். ஆனால் முள் காட்டியது உண்மை: எதைத் தேர்ந்தெடுத்தாலும் கதிர் அந்த ஆற்றலிலேயே பாய்ந்தது. 10 நாளில் 27 பேர் பாதிக்கப்பட்டார்கள், பலர் இறந்தார்கள். மெக்கானிக் "சரியாயிடுச்சு" என்று சொன்னால் போதாது. இயற்பியலாளர் அளந்து கையெழுத்துப் போட்ட பிறகே மெஷின் நோயாளிக்குத் திறக்க வேண்டும் என்று இந்தத் துறையில் இருக்கும் நாங்கள் பிடிவாதம் பிடிப்பது இதனால்தான்.

ஆகவே நீங்கள் பார்க்க வேண்டிய ஆள் ரிசப்ஷனில் இல்லை. "மெடிக்கல் பிசிசிஸ்டைப் பார்க்கணும்" என்று சொல்லுங்கள். பல இடங்களில் அவரே கதிர்வீச்சுப் பாதுகாப்பு அதிகாரியாகவும் இருப்பார். ரிப்பேருக்குப் பிறகு அளவு பார்த்தாயிற்றா, எத்தனை சதவீத வித்தியாசம் வந்தது என்று நேராகவே கேளுங்கள். இப்படிக் கேட்பது மரியாதைக் குறைவாகுமோ என்று தயங்க வேண்டாம். ஒழுங்காக வேலை செய்பவருக்குப் பதில் சொல்ல ஒரு நிமிடம் போதும்.

அப்புறம், விட்டுப்போன நாட்கள். மார்பகச் சிகிச்சையில் ஓரிரு நாள் இடைவெளி விழுந்தால் வழக்கமாகக் கடைசியில் சேர்த்துக்கொள்வார்கள். அம்மாவின் அட்டையில் முடிவுத் தேதியை மாற்றி எழுதிவிட்டார்களா என்று பாருங்கள். வாய், தொண்டை, கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் என்றால் கதை வேறு. அங்கே சிகிச்சை இழுத்துக்கொண்டே போகக் கூடாது. சில சமயம் ஒரே நாளில் குறைந்தது 6 மணி நேர இடைவெளி விட்டு இரண்டு முறை வைத்தோ, வேறு மெஷினுக்கு மாற்றியோ ஈடுகட்டுவார்கள். உங்களோடு காத்திருப்பவர்களில் அப்படி யாராவது இருந்தால், மெஷின் தயாராகும்வரை வீட்டில் இருக்காமல் இன்றே டாக்டரைப் பார்க்கச் சொல்லுங்கள்.