குறுக்கே யாரும் வராதவர்கள்

வணக்கங்க அக்கா,

நீங்கள் எழுதுவதைப் படிப்பதோடு சரி, இதுவரை கடிதம் எழுதியதில்லை. இப்போது யாரிடமாவது கேட்டே ஆக வேண்டும் போல இருக்கிறது. என் சித்தப்பா பையன், என்னைவிட நாலு வயது சின்னவன், சில மாதம் முன்பு பெருந்துறை பக்கம் காரில் வரும்போது எக்ஸெல்லில் போய்க்கொண்டிருந்த ஒருவரை இடித்துவிட்டான். அவர் அந்த இடத்திலேயே இறந்துவிட்டார். ஐம்பதைத் தாண்டியவர், தறிக்குடோனில் வேலை, இரண்டு பெண் பிள்ளைகள். இவன் குடித்திருக்கவில்லை, பெரிய வேகமும் இல்லை. மெசேஜ் சத்தம் கேட்டுப் போனைக் குனிந்து பார்த்திருக்கிறான். இதை என்னிடம் மட்டும்தான் சொன்னான்.

சித்தி, "அந்த ஆளுக்கு அன்னைக்கு விதி முடிஞ்சிருக்கு, இவன் என்ன பண்ணுவான்" என்கிறார். வெளியே போனால் காதுபடவே "கொலைகாரன்" என்கிறார்கள். உள்ளூர் ஃபேஸ்புக் பக்கத்தில் இவன் படத்தைப் போட்டு, கீழே கட்டி வைத்து அடிக்கணும் என்று நூறு பேர் எழுதியிருக்கிறார்கள். இவன் சரியாகச் சாப்பிடுவதில்லை, தூங்குவதில்லை. அவனைப் பார்த்தால் எனக்கு ஒரு நேரம் கோபம் வருகிறது, ஒரு நேரம் பாவமாக இருக்கிறது. அவனிடம் என்ன பேசுவது என்றே தெரியவில்லை. வக்கீல் வேறு, "அந்த ஆள் இண்டிகேட்டர் போடாம திரும்பிட்டார்னு சொல்லிடலாம்" என்கிறார். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்? பெயர் போட வேண்டாம்.

*

அன்புள்ள தம்பிக்கு,

உங்கள் சித்தி சொல்வதும் ஊர் சொல்வதும் எதிரெதிராகத் தெரிகின்றன, ஆனால் இரண்டும் செய்கிற வேலை ஒன்றுதான். அவன் குனிந்து போனைப் பார்த்த அந்த சில நொடியை இரண்டுமே பேச்சிலிருந்து எடுத்துவிடுகின்றன. விதி என்று சொல்லிவிட்டால் அந்த நொடி தேவையில்லை. கொலைகாரன் என்று சொல்லிவிட்டாலும் தேவையில்லை, ஏனென்றால் கொலைகாரன் என்பவன் நம்மைப் போன்றவன் இல்லை, அவன் எதற்காக எதைச் செய்தான் என்று நாம் யோசிக்க வேண்டியதில்லை. உங்களுக்கு இரண்டு பக்கமும் சேர முடியவில்லை என்கிறீர்களே, அது குழப்பம் இல்லை தம்பி, நீங்கள் மட்டும்தான் அந்த நொடியைத் தெரிந்து வைத்திருக்கிறீர்கள்.

அதையே கொஞ்சம் பார்ப்போம். அறுபது கிலோமீட்டர் வேகத்தில் போகிற கார் ஒரு நொடிக்குக் கிட்டத்தட்ட 17 மீட்டர் ஓடுகிறது. ஒரு மெசேஜை எட்டிப் பார்த்து யார் அனுப்பியது என்று தெரிந்துகொண்டு நிமிர ஐந்து நொடி ஆனால் எண்பது மீட்டருக்கு மேல் வண்டி கண்ணில்லாமல் போயிருக்கும், ஆறு கபடி ஆடுகளத்தை நெடுக்காகப் போட்ட தூரம். அவ்வளவு தூரத்தில் ஒரு எக்ஸெல் தெருவிலிருந்து ஏறி வந்து திரும்பியும் விடலாம். இதற்குப் பெரிய வேகம் தேவையில்லை, கெட்ட எண்ணமும் தேவையில்லை.

இதை எத்தனை பேர் தினமும் செய்கிறார்கள் என்று ஒருநாள் சாலை ஓரமாக நின்று பாருங்கள். தோளுக்கும் காதுக்கும் நடுவில் போனை இடுக்கிக்கொண்டு கழுத்தைச் சாய்த்தபடியே ரவுண்டானா சுற்றுகிறவர், ஹெல்மெட்டுக்குள் போனைச் செருகிக்கொண்டு சத்தமாகப் பேசிப் போகிறவர், பின்சீட்டில் பிள்ளையை வைத்துக்கொண்டு ஒரு கையால் வாட்ஸ்அப்பைத் தள்ளிக்கொண்டே வருகிற அம்மா. அந்த ஃபேஸ்புக் பக்கத்தில் எழுதிய நூறு பேரில் பலர் இவர்களில் ஒருவராக இருப்பார்கள் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அவர்களும் உங்கள் தம்பியும் செய்த காரியம் ஒன்று, செய்தபோது இருந்த மனசும் ஒன்று. அவர்களுக்குக் குறுக்கே யாரும் வரவில்லை. அவ்வளவுதான் வித்தியாசம்.

இதைப் பெரிய படிப்பாளிகள் விவாதித்திருக்கிறார்கள். 1976-ல் பெர்னார்ட் வில்லியம்ஸ், தாமஸ் நேகல் என்ற இரண்டு தத்துவவாதிகள் இதே விஷயத்தை எடுத்துப் பேசினார்கள், இருவருமே லாரி ஓட்டுநரைத்தான் உதாரணமாகச் சொன்னார்கள். நேகல் சொன்னது இது: பிரேக்கைச் சரிபார்க்காமல் அசட்டையாக விட்ட ஓட்டுநர் ஒருவர், குழந்தை ஒன்று குறுக்கே ஓடிவந்தால் அதன் சாவுக்குத் தன்னையே குற்றம் சொல்லிக்கொள்வார். குழந்தை வராமல் போயிருந்தால் அதே அசட்டைக்காகத் தன்னை லேசாகக் கடிந்துகொண்டு போயிருப்பார். குழந்தை வருவதும் வராததும் அவர் கையில் இல்லை, அப்படியிருக்க பழி மட்டும் எப்படி இவ்வளவு மாறுகிறது என்று கேட்டார். வில்லியம்ஸ் சொன்ன ஓட்டுநர் மேல் தப்பே கிடையாது. ஆனாலும் பக்கத்தில் நின்று பார்த்தவர்கள் படுகிற வருத்தத்தோடு அவர் நின்றுவிட முடியாது. நாம் அவரைத் தேற்றத்தான் செய்வோம், ஆனால் அவர் சட்டென்று தேறிவிட்டால் நமக்கே அவர்மேல் ஒரு மாதிரி ஆகிவிடும் என்றார். எனக்கு இந்த இரண்டாவது உதாரணம் நெஞ்சில் நின்றுவிட்டது.

நான் இதை இப்படிப் பிரித்துக்கொள்கிறேன். தப்பு வேறு, கடன் வேறு. போனைப் பார்த்த தப்பு உங்கள் தம்பிக்கும் அந்த நூறு பேருக்கும் ஒரே அளவு. அந்த இரண்டு பெண்களுக்கு அப்பா இல்லாமல் போனதற்கான கடன் உங்கள் தம்பிக்கு மட்டும். அதில் பங்கு போட்டுக்கொள்ள யாரும் வரமாட்டார்கள், வரவும் முடியாது. கடனின் அளவைப் பார்த்துத்தான் நாம் ஆளின் அளவைச் சொல்கிறோம், அங்கேதான் நம் கணக்கு தப்பிப் போகிறது.

சட்டமும் கிட்டத்தட்ட நம்மைப் போலவேதான் பார்க்கிறது. தமிழ்நாட்டில் போன் பேசிக்கொண்டு ஓட்டிப் பிடிபட்டால் முதல் தடவை 1,000 ரூபாய், 2022-ல் கூட்டியது. அதே காரியத்தில் ஒருவர் இறந்தால் ஐந்து வருடம் வரை சிறை, 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதா என்ற புதிய குற்றவியல் சட்டத்தின் 106-வது பிரிவு, அதற்கு முன்பு இரண்டு வருடமாக இருந்தது. சாவுக்குத் தண்டனை கூட வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் 1,000 ரூபாய்ப் பக்கத்தில் யாருக்கும் கோபமே வருவதில்லை என்பதுதான் என் ஆதங்கம். 2022-ல் மட்டும் தமிழ்நாட்டில் 64,105 சாலை விபத்துகள், நாட்டிலேயே அதிகம். 17,884 பேர் செத்துப்போனார்கள். எல்லாமே போனால் வந்தவை இல்லைதான். ஆனாலும் இத்தனைக்கும் காரணமானவர்கள் எல்லாம் கொடூரர்கள் என்றால் நம் ஊரில் நல்லவர் என்று மிஞ்சுகிறவர் யார்?

அப்புறம், யார் ஓட்டினார்கள் என்பதைப் பொறுத்தும் நம் தீர்ப்பு மாறுகிறது. மனுநீதிச் சோழன் கதையில் நமக்கு மணியும் பசுவும் தேர்க்காலும்தான் ஞாபகம் இருக்கின்றன. திருவாரூரில் கல்தேர் இருக்கிறது, சென்னை உயர்நீதிமன்ற வளாகத்தில் சிலை இருக்கிறது. ஆனால் சேக்கிழார் சொல்கிற கதையில் இளவரசன் வேண்டுமென்று ஏற்றவில்லை, கன்று துள்ளி வந்து சக்கரத்தில் மாட்டுகிறது, அதாவது இதுவும் சாலை விபத்துதான். அமைச்சர்கள் பரிகாரம் செய்தால் போதும் என்கிறார்கள். அப்போது ராஜா கேட்கிற கேள்விதான் முக்கியம்: என் மகன் செய்தால் பரிகாரம், அயலான் ஒருவன் ஓர் உயிரைக் கொன்றால் அவனைக் கொல்வது, இது என்ன நியாயம்? அவர் கொடுத்த தண்டனை எனக்கு உடன்பாடில்லை. இந்தக் கேள்வி மட்டும் ஒவ்வொரு வீட்டிலும் கேட்கப்பட வேண்டியது. இதே விபத்தை ஒரு டாடா ஏஸ் டிரைவர் செய்து, இறந்தவர் உங்கள் சித்தப்பாவாக இருந்தால் சித்தி விதி என்று சொல்லியிருப்பாரா? சித்தியைக் குறை சொல்ல இதைக் கேட்கவில்லை, பெற்ற வயிறு அப்படித்தான் பேசும்.

புனேயில் 2024 மே மாதம் பதினேழு வயதுப் பையன் விலையுயர்ந்த காரில் இரண்டு பேரை இடித்துக் கொன்றபோது, சில மணி நேரத்தில் ஜாமீன் கொடுத்து, சாலை விபத்தைப் பற்றி முந்நூறு வார்த்தையில் கட்டுரை எழுதச் சொன்னார்கள். நாடே கொதித்தது, கொதித்ததில் நியாயம் இருந்தது. இந்தப் பக்கம் லாரி ஓட்டுநருக்கு என்ன கிடைக்கிறது என்று நான் நேரில் பார்த்திருக்கிறேன். சில வருடம் முன்பு உளுந்தூர்பேட்டை தாண்டி நான் வந்த பஸ் ஓரமாக நின்றது. பைக்கில் வந்த இரண்டு பையன்கள் அடிபட்டுக் கிடந்தார்கள். கூட்டம் முதலில் செய்தது லாரியின் சாவியைப் பிடுங்கியது. அப்புறம் டிரைவரைக் கீழே இழுத்து அடித்தது. சட்டை கிழிந்து, இரண்டு கையாலும் தலையை மூடிக்கொண்டு அவர் டயர் பக்கத்தில் குந்தியிருந்தார். அடிபட்ட பையன்களிடம் தண்ணி பாட்டிலோடு இருந்தது ஒரே ஒரு அம்மாதான், 108-க்குப் போன் போட்டதும் அவர்தான். பைக் எதிர்த்திசையில் வந்திருந்தது என்று பஸ்ஸிலிருந்த யாரோ சொன்னார், அதைக் கேட்க அங்கே ஆளில்லை. பெரிய வண்டிக்காரன் மேல்தான் தப்பு என்பது நம் சாலைகளில் எழுதாத சட்டம்.

எழுதிய சட்டத்துக்கே இது தெரியும். மோட்டார் வாகனச் சட்டம் 134-வது பிரிவு, இடித்தவர் நின்று அடிபட்டவரை மருத்துவமனைக்குக் கொண்டுபோக ஏற்பாடு செய்ய வேண்டும் என்று சொல்லிவிட்டு, கூட்டத்தின் ஆவேசத்தால் முடியாமல் போனால் தவிர என்று விலக்கும் கொடுக்கிறது. இடித்துவிட்டுச் சொல்லாமல் ஓடினால் பத்து வருடம் வரை சிறை என்று புதிய சட்டத்தில் ஒரு உட்பிரிவு வந்தபோது, 2024 ஜனவரியில் வட மாநிலங்களில் லாரிகள் நின்றுபோனதும் இதனால்தான். நின்றால் அடித்தே கொன்றுவிடுவார்கள், ஓடினால் பத்து வருஷமா என்று கேட்டார்கள். அந்த உட்பிரிவை அரசு நடைமுறைக்குக் கொண்டுவராமல் நிறுத்தி வைத்தது. நம் கோபம் யாரையும் ஒழுங்காக ஓட்டவைக்கவில்லை, இடித்தவரை ஓடவைக்கிறது. உங்கள் தம்பி ஓடவில்லை என்று நினைக்கிறேன், ஓடியிருந்தால் நீங்கள் எழுதியிருப்பீர்கள். அது அவன் பக்கம் இருக்கிற ஒரு நல்ல விஷயம்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், இதைப் படிக்கிற மற்றவர்களுக்காகவும். ப்ளூடூத் போட்டிருக்கிறேன், கை ஸ்டியரிங்கில்தான் இருக்கிறது என்று சொல்லித் தப்பிக்க முடியாது. அமெரிக்காவில் யூட்டா பல்கலைக்கழகத்தில் டேவிட் ஸ்ட்ரேயர் என்ற பேராசிரியரும் கூட இருந்தவர்களும் 2000-க்குப் பிறகான சில வருடங்களில் செய்த ஆய்வுகளில், கையில் பிடிக்காமல் பேசிக்கொண்டே ஓட்டியவர்களும் கண்ணுக்கு நேரே இருந்த விளம்பரப் பலகைகளை, அவற்றின் மேல் பார்வை பட்ட பிறகும், நினைவில் வைத்திருக்கவில்லை என்று தெரிந்தது. கண் பார்க்கிறது, மனசு போனில் இருக்கிறது. வண்டியில் இருக்கிறார் என்று தெரிந்தே "எங்க வந்துட்டிருக்க, எங்க வந்துட்டிருக்க" என்று பத்து நிமிடத்துக்கு ஒருதரம் கூப்பிடுகிற முதலாளியும் மனைவியும் அண்ணனும் இதில் உண்டு. "ஓட்டிட்டு இருக்கியா, வெச்சுடு, அப்புறம் பேசலாம்" என்று சொல்ல இரண்டு நொடி போதும்.

சரி, உங்கள் தம்பி விஷயத்துக்கு வருகிறேன். அவனிடம் "உன் மேல தப்பில்ல" என்று சொல்லாதீர்கள். வீட்டில் எல்லோரும் அதைத்தான் சொல்கிறார்கள், அதைக் கேட்டுக் கேட்டுத்தான் அவனுக்குச் சோறு இறங்கவில்லை என்று நினைக்கிறேன். பொய் சொல்லாத ஒரு ஆள் வேண்டும் என்றுதான் உங்களிடம் உண்மையைச் சொல்லியிருக்கிறான். "நீ போனைப் பார்த்தது தப்புடா. அந்த மனுசன் அதனால செத்துப்போனார். நான் உன்கூட இருக்கேன்." இந்த மூன்றையும் சேர்த்துச் சொல்லுங்கள், ஒன்றை விட்டாலும் மற்ற இரண்டும் பொய்யாகிவிடும். மாதக்கணக்கில் தூக்கம் இல்லை என்றால் தள்ளிப்போடாமல் மனநல மருத்துவரிடம் கூட்டிப் போங்கள், அதுவரை அரசின் மனநல உதவி எண்ணான 14416-க்கு எந்த நேரமும் கூப்பிட்டுப் பேசலாம், இலவசம்தான். கார் சாவியை அவன் கையில் கொடுக்க இப்போதைக்கு அவசரப்பட வேண்டாம்.

அந்தக் குடும்பத்தைப் போய்ப் பார்க்கலாமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கேட்பீர்கள். இப்போது போக வேண்டாம். கவரில் பணம் வைத்துக்கொண்டோ, பேப்பரில் கையெழுத்து வாங்கிக்கொள்ளவோ எப்போதும் போகக் கூடாது. அவர்களுக்குச் சேர வேண்டியது விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம் மூலமாக வரும், காருக்கு இன்ஷூரன்ஸ் இருந்தால் அந்தக் கம்பெனி கட்டும். இறந்தவரின் வருமானத்தை வைத்துக் கணக்குப் போட்டு வயதுக்கேற்ற எண்ணால் பெருக்குவார்கள், 51 முதல் 55 வயது என்றால் 11. தறிக்குடோன் கூலியை அந்த எண்ணால் பெருக்கினால் எவ்வளவு வந்துவிடப் போகிறது?

வக்கீல் சொன்ன பேச்சு அங்கேதான் வெட்டும். இறந்தவர் மேலும் தப்பு இருக்கிறது என்று முடிவானால் அத்தனை சதவீதத்தைக் கழித்துவிட்டுத்தான் அந்தப் பெண்களுக்குக் கொடுப்பார்கள். கிரிமினல் கேஸில் அவன் வாயை மூடிக்கொண்டு இருக்கட்டும், அது அவன் உரிமை, வக்கீல் வாதாடட்டும், அது அவர் தொழில். ஆனால் இண்டிகேட்டர் போடவில்லை என்று அவன் வாயால் சொல்லக் கூடாது. அவன் குனிந்திருந்தான். அவர் இண்டிகேட்டர் போட்டாரா இல்லையா என்று அவனுக்கு எப்படித் தெரியும்? அடுத்த தடவை வக்கீலைப் பார்க்கப் போகும்போது நீங்களும் கூடப் போய், இதை அவன் வாயாலேயே சொல்லச் சொல்லுங்கள், அவனுக்கு நாக்கு எழவில்லை என்றால் நீங்கள் சொல்லுங்கள்.

அன்புடன்,
அக்கா