வாசகர் கேள்வி: ஜன்னல் வழியா தேம்ஸ்

கேள்வி: டாக்டர் கிளினிக்ல ஒரு காலண்டர் பார்த்தேன், ஓவியர் மோனே வரைஞ்ச ஒரு பாலம், முழுக்க ஊதாப் பனி, கீழ "லண்டன் சவாய் ஹோட்டல்லேர்ந்து வரைஞ்சது"ன்னு போட்டிருந்தாங்க. ஓவியர் எதுக்கு ஹோட்டல்ல உட்கார்ந்து ஆத்தை வரையணும்? அந்த ஹோட்டல் கதை என்ன சார்?
— வாசகி, கும்பகோணம்

பதில்: அம்மா, ஆத்தங்கரை ஊர்லேர்ந்து இந்தக் கேள்வி வந்ததுல ரொம்ப சந்தோஷம். ஏன்னா சவாய் கதையைப் பணக்காரங்க, நடிகர்கள்னு ஆரம்பிச்சுதான் எல்லாரும் சொல்றாங்க, எனக்கு அது ஆத்துலேர்ந்துதான் ஆரம்பிக்கணும்.

1858 கோடைல தேம்ஸ் நாறின நாத்தத்துல பார்லிமென்ட்டே நடத்த முடியல, ஊர்ச் சாக்கடை மொத்தமும் நேரா ஆத்துலதான் விழுந்துட்டிருந்தது. அப்புறம்தான் ஜோசஃப் பேசல்ஜெட்ங்கிற இன்ஜினியர் பெரிய பாதாளச் சாக்கடை போட்டாரு, கரையோரம் ஆத்தையே கொஞ்சம் தூத்து சுவர் கட்டி மேல ரோடு, கீழ சாக்கடை, பக்கத்துலயே சுரங்க ரயில்னு விக்டோரியா எம்பேங்க்மென்ட்டை 1870-ல முடிச்சாங்க. அந்த வேலை நடக்கலேன்னா அங்க ஆத்தைப் பார்த்து ஜன்னல் வச்சு யாரு காசு குடுத்துத் தங்குவா?

இடத்தோட பேரு அதைவிட ரொம்பப் பழசு. 1246-ல ராஜா மூணாம் ஹென்றி, தன் ராணியோட மாமா ஆல்ப்ஸ் மலைப் பக்கம் சவாய்ங்கிற பகுதியைச் சேர்ந்த பீட்டருக்குக் குடுத்த நிலம் அது. பின்னாடி அங்க ஜான் ஆஃப் கான்ட் பிரபுவோட அரண்மனை இருந்துது, 1381 விவசாயிகள் கிளர்ச்சியில ஜனங்க அதைக் கொளுத்திட்டாங்க. ஐந்நூறு வருஷம் கழிச்சு ரிச்சர்ட் டாய்லி கார்ட்ங்கிற நாடகக் கம்பெனி முதலாளி, கில்பர்ட்-சல்லிவன் இசை நாடகங்கள்ல வந்த காசைப் போட்டு 1889 ஆகஸ்ட் 6 அன்னிக்கு ஹோட்டலைத் திறந்தாரு. எலக்ட்ரிக் லைட், லிஃப்ட், எந்நேரமும் வெந்நீர். இவர் கேட்ட பாத்ரூம் கணக்கைப் பார்த்துட்டு, தங்க வர்றவங்க தண்ணியில வாழுற பிராணிங்களான்னு கான்ட்ராக்டர் கேட்டாராம்! மேனேஜர் சீசர் ரிட்ஸ், சமையலுக்கு அகஸ்ட் எஸ்காஃபியே, அவங்களைப் பத்தி தனியா ஒரு வாரம் எழுதணும்.

இப்ப மோனே. 1899, 1900, 1901-னு மூணு தடவை வந்து தங்கினாரு. வலது பக்கம் பார்த்தா சாரிங் கிராஸ் ரயில் பாலம், இடது பக்கம் வாட்டர்லூ பாலம், எதிர்க்கரைல ஃபேக்டரி புகைபோக்கிங்க, நீங்க பனின்னு நினைச்சதுல பாதி நிலக்கரிப் புகைதான். அதைத் தேடித்தான் அவர் பெரும்பாலும் குளிர்காலமாப் பார்த்து வந்தாரு, வெளிச்சம் நிமிஷத்துக்கு நிமிஷம் மாறும், ஒவ்வொரு வெளிச்சத்துக்கும் ஒரு கேன்வாஸ், மாத்தி மாத்தி எடுத்து வரைவாரு. அதுக்கு உயரமா, ஆத்தைப் பார்த்தாப்ல, மழை காத்து படாத ஒரு இடம் வேணும், அதான் ஹோட்டல் ரூம். 1904-ல பாரிஸ்ல அந்தப் படங்களைக் காட்சிக்கு வச்சாரு. லண்டன்லயும் வைக்க ஆசைப்பட்டாரு, நடக்கல. 2024-லதான் சவாய்க்குப் பக்கத்துலயே இருக்கிற கோர்ட்டால்ட் கேலரியில வச்சாங்க. 120 வருஷம்!

இன்னொண்ணையும் சொல்லாம விட மனசு வரல. 1940 செப்டம்பர் 14, ஜெர்மன் குண்டு விழுந்துட்டிருக்கு, கிழக்கு லண்டன் ஏழைங்களுக்கு ஒழுங்கா ஒளிய இடமில்ல, சவாய்லயோ விருந்தாளிங்களுக்குப் பாதாளத்துல பாதுகாப்பு அறை. ஃபில் பிரட்டின்ங்கிற கம்யூனிஸ்ட் கவுன்சிலர் கிழக்கு லண்டன் ஸ்டெப்னி பகுதி ஜனங்களைக் குழந்தை குட்டியோட கூட்டிட்டு உள்ள போயிட்டாரு, டீயைக்கூட வெளிக்கடை விலைக்குப் பேரம் பேசி வாங்கினாங்க. அதே மாசம் சுரங்க ரயில் ஸ்டேஷன்கள்ல ஜனங்க படுத்துக்க அரசாங்கம் சம்மதிச்சுது. அந்த ஹோட்டல்ல தங்கினவங்கள்ல எனக்குப் பெரிய விருந்தாளிங்க இவங்கதான்.

கேள்வி: மகள் லண்டன்ல படிக்கிறா, ஜூன்ல போறோம். சவாய் ஹோட்டல்ல தங்கவெல்லாம் வசதி இல்ல, சும்மா பார்க்கலாமா?
— வாசகர், திண்டுக்கல்

பதில்: தாராளமா. ஸ்ட்ராண்ட் ரோட்டுப் பக்கம் வாசல்ல ஒரு பார்வை போதும். ஒண்ணு கவனிங்க, அந்த வாசலுக்குப் போற சின்ன சந்துல மட்டும் வண்டிங்க வலது பக்கமா ஓடும், இங்கிலாந்துல வேற எங்கயும் சாதாரணமாப் பார்க்க முடியாது. அப்புறம் ஆத்தோரம் இறங்கி எம்பேங்க்மென்ட் தோட்டத்துல நடங்க. யார்க் வாட்டர்கேட்னு ஒரு பழைய கல் வாசல் இருக்கும், ஒரு காலத்துல படகு வந்து நின்ன படித்துறை, இப்ப ஆத்துலேர்ந்து நூறு மீட்டருக்கு மேல தள்ளி புல்தரைல நிக்குது. ஆத்தை எவ்வளவு தூத்தாங்கன்னு அதைப் பார்த்தாத்தான் புரியும், எனக்குப் பார்க்கிறப்பவே மனசு என்னமோ பண்ணிச்சு. ஹோட்டலுக்கு நேரா கரைல நிக்கிற எகிப்துத் தூண் 1878-லயே வந்துடுச்சு, ஹோட்டலுக்கும் மூத்தது.

மோனே வரைஞ்ச வாட்டர்லூ பாலம் இப்ப இல்ல, 1930-கள்ல இடிச்சுட்டாங்க, இப்ப இருக்கிறது போர்க்காலத்துல பெண்களும் சேர்ந்து கட்டினது. அது மேல சாயங்காலமா ஏறி நில்லுங்க. கடல் ஏத்தம் அதுவரைக்கும் வரும், தண்ணி வத்தியிருக்கிற நேரமாப் பார்த்தா கரைச் சுவர் முழு உயரமும் தெரியும்.